வெள்ளம் கொண்டுபோன மாதா

1676-ல் கொச்சியில் பெருவெள்ளம். காயலுக்கு நடுவே கிடக்கும் வல்லார்பாடம் தீவில் போர்த்துக்கீசியர் கட்டியிருந்த தேவாலயத்தைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. பீடத்தில் வைத்திருந்த மாதா படமும் அதோடு போனது. குழந்தை இயேசுவை ஏந்தியிருக்கும் மாதா காயலில் மிதந்துகொண்டிருந்ததைக் கண்டு மீட்டெடுத்தவர் கிறிஸ்தவர் அல்லர். கொச்சி மன்னரின் முதலமைச்சரான பாலியத்து ராமன் மேனோன்.

ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றுவாள் என்று நம்பி வைத்த படம், தானே ஆபத்தில் விழுந்து, வேற்று மதத்தவர் ஒருவரின் கையால் கரையேறியது. ஐந்து நூற்றாண்டுகளாக அதன் முன்னால் முழந்தாளிடும் மக்களுக்கு அது தரும் பலம் எப்படிப்பட்டது என்று விளங்கிக்கொள்ள இந்த நிகழ்ச்சியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவையெல்லாம் இதற்கு முன்னும் பின்னும் நடந்தவை.

படம் கொச்சிக்கு வந்தது 1524-ல் என்பது தேவாலய மரபு. போர்த்துக்கீசிய வணிகர்கள் கொண்டுவந்தார்கள். தூய ஆவியானவரின் பெயரால் எழுப்பிய கோயிலில் அதை வைத்தார்கள். லிஸ்பனிலிருந்து கொச்சிக்கு வர அன்று ஆறு மாதம் ஆகும். சில நேரம் அதற்கு மேலும் ஆகும். ஈறு அழுகும் நோயிலும் காய்ச்சலிலும் புயலிலும் வழியெல்லாம் ஆட்கள் செத்துக்கொண்டே வருவார்கள். அப்படிப்பட்ட பயணத்தில் மிளகு வாங்க வந்தவர்கள்கூட மாதாவைக் கூட்டிக்கொண்டு வந்ததில் வியப்பில்லை. அதே 1524-ல், டிசம்பர் 24-ம் தேதி, வாஸ்கோ ட காமா கொச்சியில் இறந்தார். கோட்டைக்கொச்சியின் புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். பின்னால் உடலின் எச்சங்களைப் போர்த்துக்கலுக்கே எடுத்துப் போனார்கள். கடலை வென்றவர் ஊர் திரும்பிவிட்டார். மாதா இங்கேயே தங்கிவிட்டாள்.

அந்த மாதாவுக்கு ஐரோப்பாவில் ஏற்கெனவே ஒரு வேலை இருந்தது. 1218-ல் பார்சிலோனாவில் பீட்டர் நொலாஸ்கோ என்பவர் ஒரு துறவற சபையைத் தொடங்கினார். மத்தியதரைக் கடலில் நடந்த போர்களிலும் கொள்ளைகளிலும் பிடிபட்டு அடிமையாக விற்கப்பட்ட கிறிஸ்தவர்களைப் பணம் கொடுத்து மீட்பது அதன் நோக்கம். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வாக்குகளோடு அந்தத் துறவிகள் நான்காவதாக ஒன்றும் கொடுத்தார்கள்: பணம் போதாவிட்டால் கைதிக்குப் பதிலாகத் தன்னையே பிணையாக வைத்துக்கொள்ளச் சொல்வது. இந்தச் சபை தன் காவலாகக் கொண்ட மாதாவின் பெயர் மீட்பின் அன்னை. செப்டம்பர் 24-ம் தேதி அவளுக்குத் திருநாள். வல்லார்பாடத்தில் இருப்பவள் அவளே. ஊர் மக்களுக்கு வல்லார்பாடத்தம்மா.

சிறைப்பட்டவர்களின் தாய் வந்திறங்கிய கொச்சி எப்படி இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்றும் மட்டாஞ்சேரியில் காப்பிரி முத்தப்பனுக்குச் சிறு திருவிடம் உண்டு. மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், சுருட்டும் கள்ளும் படைக்கிறார்கள். போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களின் நினைவு அது. டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தபோது, தப்பி ஓடிய எசமானர்கள் தங்கள் புதையலுக்குக் காவலாக இந்த அடிமைகளைக் கொன்று சுவர்களுக்குள் புதைத்தார்கள் என்பது வட்டாரக் கதை. டச்சுக்காரர்களும் கொச்சியிலிருந்து மனிதர்களைக் கப்பலேற்றித் தென்னாப்பிரிக்காவுக்கும் ஜாவாவுக்கும் விற்றார்கள். மீட்பின் அன்னையை வணங்கியவர்களே அடிமைகளை வைத்திருந்தார்கள். விசுவாசத்தின் வரலாற்றை எழுதுகிறவர் இதை மறைக்கக் கூடாது. மட்டாஞ்சேரிக்காரர்கள் மறைக்கவில்லை, பெயர் தெரியாத அந்த அடிமைக்குத் தினமும் விளக்கு வைக்கிறார்கள்.

படம் வல்லார்பாடத்தில் அமைதியாக இருந்த காலத்திலேயே, காயலுக்கு இந்தப் பக்கம் மட்டாஞ்சேரியில் இன்னொரு கூட்டம் கிறிஸ்தவர்கள் தங்கள் நெருக்கடியைச் சந்தித்தார்கள். அவர்கள் தோமையார் வழிக் கிறிஸ்தவர்கள். போர்த்துக்கீசிய ஆயர்கள் தங்கள் பழைய வழிபாட்டையும் தலைமையையும் அழிக்கிறார்கள் என்று பல ஆண்டுகளாகக் குமுறிக்கொண்டிருந்தவர்கள். மேற்காசியாவிலிருந்து தங்களுக்காக வந்த ஆயர் அகத்தல்லாவைப் பார்க்கக்கூட விடவில்லை. அவரைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்றும் பேச்சுப் பரவியது. 1653 ஜனவரி 3-ம் தேதி அர்க்கதியாக்கோன் (தலைமைத் திருத்தொண்டர்) தோமா தலைமையில் மட்டாஞ்சேரிச் சிலுவையின் முன் கூடி, இனி தங்கள்மேல் இருந்த இயேசு சபை ஆயருக்குக் கீழ்ப்படிவதில்லை என்று ஆணையிட்டார்கள். கூட்டம் பெரிது, எல்லார் கையும் சிலுவைக்கு எட்டாது. ஆகவே சிலுவையில் கயிறுகளைக் கட்டி, அந்தக் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தார்கள் என்கிறது மரபு. இழுத்த இழுப்பில் சிலுவை கூனிப்போனது என்பதால் அது கூனன் குருசு ஆயிற்று. அந்த இடத்தில் இன்றும் தேவாலயம் இருக்கிறது. வல்லார்பாடத்து லத்தீன் கத்தோலிக்கரும் மட்டாஞ்சேரியில் கூடிய தோமையார் வழியினரும் வேறு வேறு சபையினர். அன்று எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றவர்கள். ஆனாலும் தாங்கமுடியாத நேரத்தில் விசுவாசிகள் செய்வது ஒன்றுதான். எதையாவது பிடித்துக்கொள்கிறார்கள்; தனியாகப் பிடிப்பதில்லை.

பத்தாண்டு கழித்து, 1663 ஜனவரியில், கொச்சிக் கோட்டை டச்சுக்காரர் கைக்குப் போனது. அவர்கள் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள். சுரூபங்களும் படங்களும் அவர்களுக்கு ஆகாதவை. கோட்டைக்குள் இருந்த கத்தோலிக்கக் கோயில்கள் பலவற்றை இடித்தார்கள். புனித பிரான்சிஸ் தேவாலயத்தைத் தங்கள் வழிபாட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். சாந்தா குரூஸ் பேராலயத்தை ஆயுதக் கிடங்காக்கினார்கள். அதே டச்சுக்காரர் 1658-ல் தூத்துக்குடியைப் பிடித்தபோது நம் பரதவ மக்கள் பனிமய மாதா சுரூபத்தை ஊர்விட்டு ஊர் கொண்டுபோய் மறைத்து வைத்துக் காத்தது தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கும். வல்லார்பாடத்து மாதா கோட்டைக்கு வெளியே தீவில் இருந்ததால் டச்சுக்காரரிடமிருந்து தப்பினாள். பதின்மூன்று ஆண்டு கழித்து வெள்ளத்திடமிருந்து தப்ப முடியவில்லை.

அவளை எடுத்த ராமன் மேனோனின் குடும்பத்தாரான பாலியத்து அச்சன்கள் யார்? சேந்தமங்கலத்தில் இருந்து, தலைமுறை தலைமுறையாகக் கொச்சி அரசின் முதலமைச்சர்களாக இருந்த நாயர் குடும்பத்தார். மட்டாஞ்சேரி அரண்மனையில் மன்னர் இருப்பார். காரியம் இவர்கள் கையில் இருக்கும். டச்சுக்காரர் கொச்சிக்குள் வருவதற்குக் கைகொடுத்த குடும்பமும் இதுவே. கணக்குப் பார்க்கிற அரசியல்வாதியாக இருந்தால், தோற்றுப்போன போர்த்துக்கீசியரின் சாமி படம் தண்ணீரோடு போகட்டும் என்று விட்டிருக்கலாம். ராமன் மேனோன் எடுத்தார். எடுத்ததோடு நிற்காமல், புதிய கோயில் கட்ட நிலமும் கொடுத்தார். பீடத்தில் அணையாவிளக்கு ஒன்றும் வைத்தார். அந்த விளக்குக்குப் பாலியத்துக் குடும்பத்தார் எண்ணெய் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது.

இனி மீனாட்சி அம்மாவின் கதை. வல்லார்பாடத்தில் பள்ளியில் வீடு என்ற நாயர் குடும்பத்தைச் சேர்ந்தவள். 1752-ல் மகனைக் கூட்டிக்கொண்டு மட்டாஞ்சேரிக்கு வள்ளத்தில் புறப்பட்டாள். அன்று அரண்மனையும் அங்காடியும் கோயில்களும் மட்டாஞ்சேரியில்தான். தீவுக்காரர்களுக்கு எந்தக் காரியம் என்றாலும் காயலைக் கடந்து அங்கேதான் போக வேண்டும். நடுக்காயலில் புயல் பிடித்தது. வள்ளம் கவிழ்ந்தது. தாயும் பிள்ளையும் நீருக்குள் போனார்கள். வல்லார்பாடத்து அம்மாவே, எங்களைக் காப்பாற்று, உயிர் உள்ளவரை உனக்கு அடிமையாக இருக்கிறோம் என்று அவள் வேண்டிக்கொண்டாள். மூன்றாம் நாள், பங்குத் தந்தை கனவில் கண்டதைச் சொல்ல, மீனவர்கள் காயலில் வலை வீசினார்கள். வலையில் தாயும் மகனும் உயிரோடு வந்தார்கள். இது தேவாலயம் சொல்லும் வரலாறு. ஊர் சொல்லும் வரலாறு. மூன்று நாள் தண்ணீருக்குள் உயிரோடு இருக்க முடியுமா என்று கேட்பவர் கேட்கட்டும். நான் கவனிப்பது அதற்கு அடுத்து நடந்ததை.

மீனாட்சி அம்மா சொன்னதைச் செய்தாள். ஞானஸ்நானம் பெற்று மரியா ஆனாள். மகன் யேசுதாசன் ஆனான். பிறகு சாகும்வரை கோயில் முற்றத்தைப் பெருக்கினாள். அந்தக் காலத்துக் கேரளத்தை நினைத்துப் பார்த்தால் இதன் கனம் தெரியும். அடிமை என்றால் அன்று பக்தியில் சொல்லும் சொல் மட்டும் இல்லை. புலையரையும் பறையரையும் நிலத்தோடு சேர்த்தும் தனியாகவும் விற்ற நாடு அது. கொச்சியில் 1854-லும் திருவிதாங்கூரில் 1855-லும்தான் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னால், வேலைக்காரர்களை வைத்து வாழ்ந்த வீட்டுப் பெண் எல்லாரும் பார்க்கத் துடைப்பத்தை எடுத்தாள். கைதிக்குப் பதிலாகத் தன்னைக் கொடுத்த அந்தப் பார்சிலோனாத் துறவிகளின் பெயரைக்கூட அவள் கேட்டிருக்க மாட்டாள். ஆனால் அவர்களின் நான்காவது வாக்கைக் கொச்சிக் காயலில் வாழ்ந்து காட்டியவள் அவளே.

பிற்பாடு அவளையும் மகனையும் அந்தப் படத்திலேயே, மாதாவின் காலடியில் வரைந்து சேர்த்தார்கள். இன்று பீடத்தில் பார்ப்பது அந்தப் படத்தை. தாயும் குழந்தையுமாக வந்த ஓவியத்தில், நீரிலிருந்து எழுந்த இன்னொரு தாயும் குழந்தையும் இருக்கிறார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த படம் இந்த ஊர்ப் படம் ஆனது இந்த இருவரால். எந்தச் சாதியில், எந்த மதத்தில் பிறந்தவர்களும் அதன் முன்னால் வந்து நிற்கத் தயங்காததற்கும் காரணம் இதுவே என்று எண்ணுகிறேன். உள்ளே ஏற்கெனவே நம்மைப்போல் ஒருத்தி நிற்கிறாள்.

பின்னால் வந்த சிறப்புகளை வரிசையாகச் சொல்லிவிடலாம். 1888-ல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் கோயிலின் பீடத்துக்குத் தனிச் சலுகை அளித்தார். 1951-ல் இந்திய அரசு அதைப் புண்ணியத் தலங்களில் ஒன்றாக அறிவித்தது. 2004-ல் பசிலிக்கா ஆனது. அதே ஆண்டு எர்ணாகுளத்தையும் தீவுகளையும் வைப்பினையும் இணைக்கும் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்பட்டன. மட்டாஞ்சேரியிலிருந்து புறப்படுகிறவர்கள் இப்போது கோட்டைக்கொச்சிக்குப் போய், வண்டியோடு ஏறும் படகில் வைப்பினுக்குக் கடந்து, பாலத்தின் வழியே வல்லார்பாடம் போகலாம். மீனாட்சி அம்மா போக முடியாமல் போன வழி, இப்போது யாரும் அஞ்சாமல் போகும் வழி.

இன்றும் கோயில் முற்றத்தில் நேர்ச்சைக்காரர்கள் துடைப்பம் எடுத்துப் பெருக்குகிறார்கள். நல்ல உடை உடுத்தியவர்கள், படித்தவர்கள், கைக்குழந்தையோடு வந்த இளம் தாய்மார். குழந்தைகளை மாதாவுக்கு அடிமை வைக்கும் சடங்கும் நடக்கிறது. திருநாளுக்கு வருகிறவர்களுக்கு மோர் கொடுப்பதும் மீனாட்சி அம்மாவின் நினைவாகத்தான் என்கிறார்கள். அங்கே யாரும் பெருக்குவதற்குக் காரணம் கேட்பதில்லை. தன் துக்கத்தை வாயால் சொல்லத் தெரியாதவருக்கும் சொல்ல முடியாதவருக்கும் கைக்கு ஒரு வேலை கிடைக்கிறது. மனம் உடைந்திருக்கும்போது ஜெபம் வராது. பலரும் சொல்வது இது. வல்லார்பாடத்தில் கை ஜெபிக்கிறது. மனம் மெல்லப் பின்னால் வந்து சேர்கிறது.

ஆனால் புயலில் கூப்பிட்ட எல்லாரும் வலையில் வரவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் பலரைக் கடற்கரையிலேயே சுனாமி கொண்டுபோனது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி மீனவர்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள். அவர்களில் பலருக்குத் தொழில் துறைமுகம் மட்டாஞ்சேரியை அடுத்த தோப்பும்படி. கொச்சியிலிருந்து கடலுக்குப் போன தமிழ்ப் படகுகள் சில திரும்பவே இல்லை. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள், காணாமல் போனார்கள். அவர்கள் மாதாவைக் கூப்பிடாதவர்களா? அந்த ஊர்களில் படகின் பெயரே மாதா பெயராக இருக்கும்.

இதற்கு எளிய பதில் சொல்லும் பக்தியை நான் ஏற்கவில்லை. விசுவாசம் குறைவு, வேண்டுதல் போதவில்லை என்று சாவு வீட்டில் பேசுவது பாவம். ஒக்கி நாட்களில் நடந்ததைப் பார்த்தால் வேறொன்று தெரியும். மீட்புப்பணி தாமதமாகிறது என்று கண்டதும் ஊர்க்காரர்கள் தங்கள் படகிலேயே தேடப் போனார்கள். பங்குத் தந்தையர் மக்களோடு நின்றார்கள். டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் குழித்துறையில் ரயிலை மறித்து, எங்கள் ஆட்களைத் தேடுங்கள் என்று கேட்டார்கள். மன்றாட்டு வாயிலிருந்து காலுக்கும் கைக்கும் இறங்கி வந்தது. காணாமல் போனவர்கள் திரும்பவில்லை. இழந்தவர்களின் வீடுகள் தனியாக விடப்படவும் இல்லை.

வல்லார்பாடமும் இழப்பை அறியும். பன்னாட்டுக் கொள்கலன் முனையத்துக்குச் சாலையும் ரயில்பாதையும் அமைக்க, 2008 பிப்ரவரியில் மூலம்பிள்ளி உள்ளிட்ட ஏழு இடங்களிலிருந்து 316 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. முனையம் 2011-ல் திறக்கப்பட்டது. காயல்மேல் 4.62 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாலம் வந்தது. வீடிழந்தவர்களில் பலருக்கு வாக்குக் கொடுத்தபடி மறுவாழ்வு கிடைக்க ஆண்டுகள் பல போயின. இதுவும் வெள்ளந்தான். தேவாலயத்தின் பக்கத்திலேயே வந்த வெள்ளம்.

2018 ஆகஸ்டில் கேரளம் முழுக்க மழைவெள்ளம். பறவூர் வட்டாரம் மூழ்கியது. பாலியத்து அச்சன்களின் சேந்தமங்கலத்தில் நெசவாளர்கள் ஓணத்துக்கு நெய்து வைத்திருந்த சேலைகளெல்லாம் சேறாயின. கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போனார்கள். பறவூர்ப் பக்கமும் போனார்கள். அரசின் கணக்குப்படி 669 படகுகள், மீட்கப்பட்டவர்கள் குறைந்தது 65,000 பேர். அந்த மீனவர்களில் பெருந்தொகையினர் லத்தீன் கத்தோலிக்கர்கள். ஒரு பாலியத்து அச்சன் காயலிலிருந்து மாதாவைத் தூக்கி எடுத்து 342 ஆண்டு ஆகியிருந்தது. கடன் தீர்க்கிறோம் என்று யாரும் நினைத்துப் போகவில்லை. ஆள் மூழ்கினால் போக வேண்டும் என்பது கடற்கரையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாத பாடம்.

கலிலேயாக் கடலில் மூழ்கிய பேதுருவுக்கு ஆண்டவர் முதலில் கையை நீட்டினார்; ஏன் சந்தேகப்பட்டாய் என்று கேட்டது அதற்குப் பிறகு. அந்த வரிசையை மாற்றக் கூடாது. வல்லார்பாடத்துப் படத்தின் வாழ்க்கை முழுவதும் இந்த வரிசையில்தான் நடந்திருக்கிறது: முதலில் கை, பிறகு கேள்வி. ராமன் மேனோன் மதம் கேட்கவில்லை. வலை வீசிய மீனவர்கள் சாதி கேட்கவில்லை. கிறிஸ்தவ விசுவாசம் தரும் பலம் புயல் வராமல் தடுப்பதில் இல்லை. மூழ்குகிறவரோடு தானும் நீரில் இருந்த கடவுளை அது காட்டுகிறது. கரையில் நிற்பவரைத் தண்ணீருக்குள் இறங்கச் சொல்கிறது.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது இப்போது நடுக்காயலில் இருக்கலாம். கடன், நோய், பிரிவு, சாவு, எதுவாகவும் இருக்கலாம். ஜெபியுங்கள், அதோடு வாய்விட்டு யாரையாவது கூப்பிடுங்கள். வீட்டாரை, பக்கத்து வீட்டாரை, பங்குத் தந்தையை, மருத்துவரை. உதவி கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது. மீனாட்சி அம்மாவும் கேட்டுத்தான் பிழைத்தாள். கரையில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: கூப்பிடும் குரல் கேட்டால், யார் என்று விசாரிக்காமல் வலையை எடுத்துக்கொண்டு போங்கள்.